கடன்பட்ட வினைச்சொல்

சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம். வினைச்சொல் அட்டவணைகள் மனப்பாடம். அதனால் வரும் அசட்டுத் தைரியமும் இருந்தது.

நான் குடியிருந்த தெருவில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அந்த ஊரில் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்காரர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய மனைவிக்கு பிரான்ஸிலிருந்து விதவை ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அந்த அம்மாள் ஒரு கடிதத்துடன் வாசலில் நின்றார்.

"தம்பி, நீங்க பிரெஞ்சு படிக்கிறீங்களாமே. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அந்த மாதப் பணம் பத்து நாளாகியும் வரவில்லை. யாரையோ பிடித்து எழுதிக் கேட்டிருக்கிறார். அதற்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதில் அது. இரண்டே பத்தி. நடுவில் ஒரு வாக்கியம்: உயிரோடு இருப்பதற்கான சான்று வந்து சேராததால் உங்கள் ஓய்வூதியம் 'அ த்யூ' நிறுத்தப்பட. எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. "நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம், அம்மா" என்றேன்.

அந்த அம்மாள் எதுவும் பேசவில்லை. கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் நாள் பணம் வந்தது. அதற்குள் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்லக் கூச்சப்பட்டு, தன் இரண்டு வளையல்களை அடகு வைத்திருந்தார்.

எங்கள் ஆசிரியரிடம் கடிதத்தின் வாசகத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வரி என்ன?" என்று கேட்டார். 'உறுதி செய்துகொள்ள, பணம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதவும்' என்பது அடுத்த வரி. "அப்படியானால் இந்த அலுவலகத்துக்கே விஷயம் தெரியாது. நிறுத்தப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள்" என்றார். நிறுத்த வேண்டியதாயிற்று, நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் - இரண்டுக்கும் பிரெஞ்சில் ஒரே உருவம். நான் தவறான கதவைத் திறந்திருந்தேன்.

அந்த வினைச்சொல்லின் பெயர் தெவ்வார். (பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழில் எழுதுவது, கைக்குட்டையில் தண்ணீர் மொண்டுவருவது போன்றது. வாசகர்கள் பொறுத்தருள்க.) சங்கத் தமிழில் 'தெவ்வர்' என்றால் பகைவர். ஒலி ஒற்றுமை தற்செயலானதுதான். ஆனால் அன்றிலிருந்து சில காலம் எனக்கு இது பகைவனாகத்தான் தோன்றியது.

பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ண முடியாது. பாரீஸில் காபி குடித்து முடித்தவர் பரிசாரகரிடம், 'நான் உங்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்?' என்று கேட்பார். நாம் 'எவ்வளவு ஆச்சு?' என்பதோடு சரி. ரொக்கமாகக் கொடுக்கப்போகிற காபிக் காசும் அந்த மொழியில் கடன்தான். தெவ்வாரின் முதல் பொருளே இது: கடன்பட்டிருத்தல். பத்து யூரோ கடன்பட்டிருக்கலாம், உயிரையே கடன்பட்டிருக்கலாம். 'இந்த மருத்துவருக்கு நான் என் உயிரைக் கடன்பட்டிருக்கிறேன்' என்பது சாதாரணப் பேச்சு.

இதன் மூலம் லத்தீனில் உள்ள 'தெபேரே'. அதைப் பிரித்தால் 'ஒருவரிடமிருந்து' என்பதும் 'வைத்திருத்தல்' என்பதும் கிடைக்கும். அதாவது பிறர் பொருளைத் தன்னிடம் வைத்திருத்தல். கணக்குப் புத்தகத்தில் நாம் எழுதும் டெபிட், கடனைக் குறிக்கும் ஆங்கில டெட், தவணையைக் குறிக்கும் ட்யூ, காவலர் சொல்லும் ட்யூட்டி எல்லாமே இந்த வேரில் கிளைத்தவை.

ட்யூட்டி எப்படி இங்கே வந்தது? அதுதான் இரண்டாவது பொருள். 'நான் போக வேண்டும்' என்பதற்கும் இதே சொல். பணத்தைச் சொன்னால் கடன். வேறொரு வினையைச் சொன்னால் கடமை. 'நீங்கள் நூறு யூரோ' என்று தொடர்ந்தால் நீங்கள் கடனாளி. 'நீங்கள் கையெழுத்திட' என்று தொடர்ந்தால் அது உங்கள் கடமை. நடுவில் நிற்கும் சொல் மாறுவதில்லை.

தமிழ் படித்தவனுக்கு இது வியப்பாக இருக்கக்கூடாது. நம்முடைய 'கடன்' என்ற சொல்லின் கதையும் இதுதான். புறநானூற்றில் பொன்முடியார் பாடலில் ஒரு தாய், தன் கடன் எது, தந்தையின் கடன் எது, கொல்லனின் கடன் எது, வேந்தனின் கடன் எது, மகனின் கடன் எது என்று வரிசையாகச் சொல்கிறாள். அங்கே வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. கடன் என்றால் கடமை. காலைக்கடன், நேர்த்திக்கடன், செய்ந்நன்றிக் கடன் ஆகியவற்றில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. மனமில்லாமல் செய்வதைக் 'கடனே என்று செய்தான்' என்கிறோம். இன்று கடன் வங்கிக்குப் போய்விட்டது. கடமை மேடைக்குப் போய்விட்டது. பிரெஞ்சில் இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

பிரெஞ்சில் கட்டாயத்தைச் சொல்ல இன்னொரு சொல்லும் உண்டு. 'இல் ஃபோ' என்பார்கள். இது நம் 'வேண்டும்' போலவே நடந்துகொள்கிறது. 'எனக்குப் பேனா வேண்டும்' என்பதிலும் அதுவே, 'போக வேண்டும்' என்பதிலும் அதுவே. அதற்கு 'நான்', 'நீ' என்று எழுவாய் கிடையாது. யார் கட்டளையிட்டார் என்று சொல்லாமல், உலக நியதி போல ஒலிக்கும். தெவ்வார் அப்படியல்ல. அதற்கு ஆள் வேண்டும். நான் கடன்பட்டவன், நீ கடன்பட்டவன், அவர்கள் கடன்பட்டவர்கள் என்று ஒவ்வொருவர் தலையிலும் சுமையை வைக்கும். தமிழில் மொழிபெயர்க்கும்போது இரண்டையும் 'வேண்டும்' என்றே போட்டுவிடுகிறோம். வேறு வழி குறைவு. ஆனால் மூலத்தில் ஒரு பாத்திரம் எப்போதும் 'இல் ஃபோ' என்றும், மற்றொரு பாத்திரம் எப்போதும் 'நான் துவா' என்றும் பேசினால், முதலாமவர் விதியைச் சொல்கிறார், இரண்டாமவர் மனசாட்சியைச் சொல்கிறார் என்பதையாவது மொழிபெயர்ப்பாளர் கவனித்திருக்க வேண்டும்.

மேலே 'கவனித்திருக்க வேண்டும்' என்று எழுதினேன் அல்லவா? அதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

'அவர் வந்திருக்க வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். செருப்பு வாசலில் கிடக்கிறது, அதனால் வந்திருப்பார் என்ற ஊகமாகவும் கொள்ளலாம். வராமல் போனாரே என்ற குறையாகவும் கொள்ளலாம். பேசும்போது குரல் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் தெரியாது. இந்த இடத்தில் பிரெஞ்சு தெளிவு. ஊகத்துக்கு 'அ த்யூ'. செய்யத் தவறியதற்கு 'ஓரே த்யூ'. ஒன்றையொன்று குழப்பிக்கொள்ள வழியே இல்லை. ஆனால் போக வேண்டியிருந்ததா, போயிருக்கக்கூடுமா என்ற இடத்தில் தமிழ் தெளிவு, பிரெஞ்சு குழப்பம். ஒவ்வொரு மொழியும் ஓர் இடத்தில் விளக்கேற்றி, இன்னோர் இடத்தை இருட்டாக விட்டுவைக்கிறது. நான் இடறியது பிரெஞ்சின் இருட்டில்.

மூன்றாவது ஒரு நுட்பமும் உண்டு. 'நேற்று கிளம்புவதாக இருந்தேன்' என்கிறோமே, நடந்ததா இல்லையா என்று சொல்லாமல் திட்டத்தை மட்டும் சொல்வது, அதற்கும் தெவ்வாரின் இன்னொரு இறந்தகால உருவம் இருக்கிறது. ஆக ஒரே வினைச்சொல்: கடன், கடமை, ஊகம், திட்டம், வருத்தம். எது என்பதைக் காலமும் இடமும் தீர்மானிக்கும்.

பெயர்ச்சொல்லாகும்போதும் இது சும்மா இருப்பதில்லை. ஒருமையில் கடமை. 1910-ல் கனடாவின் மான்ட்ரியாலில் தொடங்கி இன்றும் வெளிவரும் பிரெஞ்சு நாளேட்டின் பெயரே 'ல தெவ்வார்', அதாவது 'கடமை'. பன்மையில் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். பிரான்ஸின் தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வீட்டுப்பாடம் கொடுக்கக்கூடாது என்று 1956-லேயே அரசுச் சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனாலும் பல ஆசிரியர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெற்றோரும் கேட்டு வாங்குகிறார்கள். கடமையைத் தடை செய்வது அங்கேயும் எளிதாக இல்லை.

புரட்சியின்போதும் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. 1789-ல் மனித உரிமைப் பிரகடனத்தை எழுதியபோது, உரிமைகளோடு கடமைகளையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு பிரிவினர் வாதிட்டனர். சபை அதை ஏற்கவில்லை. ஆறு ஆண்டுகள் ரத்தம் சிந்திய பிறகு, 1795-ன் அரசியல் சாசனத்தில் உரிமைகளும் கடமைகளும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டன. நம் நாட்டிலும் உரிமைகள் 1950-ல் வந்தன. அடிப்படைக் கடமைகள் 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தத்தின் மூலம் வந்தன. ஆளுவோர்க்கு எந்தப் பருவத்தில் கடமை நினைவுக்கு வருகிறது என்பது தனியே ஆராய வேண்டிய விஷயம்.

இதெல்லாம் இலக்கண வகுப்புச் சுவாரசியம் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த வினைச்சொல்லின் மேல் ஒரு மனிதனின் உயிர் தொங்கிய சந்தர்ப்பம் உண்டு.

வால்டர் லகிராண்ட், கார்ல் லகிராண்ட் என்ற சகோதரர்கள் ஜெர்மன் குடிமக்கள். சிறு வயதிலிருந்தே அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள். 1982-ல் அரிசோனாவில் வங்கிக் கொள்ளை முயற்சியில் மேலாளர் கொல்லப்பட்டார். இருவருக்கும் மரண தண்டனை. வெளிநாட்டவரைக் கைது செய்தால், அவருடைய நாட்டுத் தூதரகத்தின் உதவியை நாடும் உரிமை உண்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது 1963-ன் வியன்னா உடன்படிக்கை. இவர்களிடம் உரிய காலத்தில் சொல்லப்படவில்லை. 1999 பிப்ரவரி 24-ல் கார்லுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. மார்ச் 2-ல் ஜெர்மனி தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை அணுகியது. மறுநாளே இடைக்கால ஆணை வந்தது: இறுதித் தீர்ப்பு வரும்வரை வால்டர் கொல்லப்படாதிருக்க அமெரிக்கா தன்னால் இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும். அதே நாளில் அரிசோனாவில் வால்டரின் உயிர் போக்கப்பட்டது.

சர்வதேச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை யாரையும் கட்டுப்படுத்தாது என்பதே அமெரிக்க அரசு வழக்கறிஞரின் நிலைப்பாடு. அதற்கு இடம் கொடுத்தது நீதிமன்றச் சட்டத்தின் 41-வது பிரிவு. அதன் ஆங்கில வாசகத்தில், எடுக்கப்பட 'ஆட் டு' என்று இருக்கிறது. எடுப்பது நல்லது, எடுக்கத் தக்கது என்ற தொனி. அறிவுரை போலத் தோன்றும். ஆனால் இந்தச் சட்டத்துக்கு இரண்டு மொழிகளிலும் சம அதிகாரம் உண்டு. பிரெஞ்சு வாசகத்தில் அதே இடத்தில் இருப்பது தெவ்வாரின் பன்மை உருவம்: 'துவாவ்'. எடுக்கப்பட்டே ஆக வேண்டும். அதில் நெகிழ்ச்சி இல்லை. அறிவுரை சொல்ல நினைத்தால் பிரெஞ்சுக்காரர் அதே வினையின் மென்மையான நிபந்தனை உருவத்தைப் போட்டிருப்பார்.

இந்தப் பிரிவு முதலில் எழுதப்பட்டது 1920-ல், சர்வதேச சங்கத்தின் காலத்தில். பிரேசில் நாட்டுச் சட்ட அறிஞர் ரவுல் ஃபெர்னாண்டஸ் அதற்கான முன்மொழிவைப் பிரெஞ்சில்தான் கொடுத்தார். அவர் 'ஆணையிடலாம்' என்று எழுதியிருந்தார். குழுவில் அது 'சுட்டிக்காட்டலாம்' என்று மெலிந்தது. அரசுகளுக்குக் கட்டளை பிடிக்காது என்பது அன்றும் தெரிந்ததுதான். ஆனால் 'துவாவ்' மட்டும் கட்டளையின் முதுகெலும்போடு பிரெஞ்சு வாசகத்தில் நின்றுவிட்டது.

2001 ஜூன் 27-ல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் இரண்டு வாசகங்களையும் அருகருகே வைத்துப் படித்தது. பிரெஞ்சுச் சொற்கள் கட்டாயத் தன்மை உடையவை என்று குறிப்பிட்டது. இரு மொழி வாசகங்களும் முழுதாகப் பொருந்தாதபோது, சட்டத்தின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றது. வழக்கு முடிவதற்குள் வழக்கின் பொருளே அழிந்துபோகுமானால் நீதிமன்றம் எதற்கு? ஆகவே இடைக்கால ஆணைகள் கட்டுப்படுத்தும். அமெரிக்கா அதை மீறிவிட்டது என்று 13-க்கு 2 என்ற கணக்கில் முடிவாயிற்று. வால்டர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதில் சொல்லாராய்ச்சிக்காரனின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் 'ஆட்' என்ற சொல், கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஓ' என்ற சொல்லின் பழைய இறந்தகால வடிவம். சட்டத்தில் கட்டளைக்குப் போடும் 'ஷல்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் கடன்பட்டிருத்தலைக் குறித்ததுதான். ஆக, அடியில் தோண்டினால் பிரெஞ்சு வாசகமும் ஆங்கில வாசகமும் சொன்னது ஒன்றே: கடன்பட்டிருக்கிறீர்கள். ஒரு மொழியில் அந்தக் கடன் கெட்டியாகவே இருந்தது. இன்னொன்றில் காலப்போக்கில் தேய்ந்து, 'முடிந்தால் கொடுங்கள்' என்றாகிவிட்டது.

இந்தத் தீர்ப்பு நமக்கும் பயன்பட்டது. குல்பூஷண் ஜாதவுக்குப் பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததாக 2017 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. தூதரக உதவி மறுக்கப்பட்டதை முன்வைத்து இந்தியா மே மாதம் தி ஹேக் சென்றது. மே 18-ல் நீதிபதிகள் ஒருமனதாக ஆணையிட்டனர்: இறுதித் தீர்ப்பு வரும்வரை அவர் கொல்லப்படக்கூடாது. லகிராண்ட் ஆணையின் ஆங்கில வாசகத்தில் 'ஷுட்' என்று இருந்த இடத்தில் இம்முறை 'ஷல்' இருந்தது. ஆணை கட்டுப்படுத்தும் என்பதும் அதிலேயே நினைவூட்டப்பட்டது. தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019 ஜூலை 17-ல் வந்த இறுதித் தீர்ப்பு, தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 1999-ல் இரண்டு விதமாகப் படிக்க முடிந்த கட்டளையை 2017-ல் ஒரு விதமாகத்தான் படிக்க முடிந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு வினைச்சொல்லைச் சரியாகப் படித்ததும் அவற்றில் ஒன்று.

பத்திரிகையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு நேரம் கிடையாது. அச்சுக்குப் போகிற அவசரத்தில் 'வேண்டும்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறோம். ஐ.நா. தீர்மானம் 'வேண்டும்' என்கிறதா, 'நல்லது' என்கிறதா. மந்திரி ராஜினாமா செய்ய வேண்டியிருந்ததா, செய்திருக்கக்கூடுமா. செய்தியாளர் அறிந்து எழுதுகிறாரா, ஊகிக்கிறாரா - இவை வேறு வேறு செய்திகள். வாசகருக்குத் தமிழில் கிடைப்பது ஒன்றுதான். மூலத்தைச் சரிபார்க்க அவரால் முடியாது. நம்மை நம்பித்தான் படிக்கிறார். சந்தேகம் வந்தால் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். சந்தேகமே வராதபோது கட்டாயம் படிக்க வேண்டும். நான் அன்று படிக்கவில்லை.

வளையல்களை மீட்ட அன்று அந்த அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வட்டியை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"விடுங்க தம்பி. நீங்க வேணும்னா செஞ்சீங்க? படிக்கிற புள்ள" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினார்.

வட்டி ரொம்பக் குறைவுதான். தொகை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஒரு கடிதத்தையும் என்னிடம் கொண்டுவரவில்லை.